தீர்வெங்கதும்

அட்டைப் பெட்டியைப் பரணிலிருந்து இன்றுதான் இறக்கினேன். முப்பது வருஷம் பிரெஞ்சு இலக்கியம் படித்ததன் குறிப்பட்டைகள். ரப்பர் பேண்டெல்லாம் உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் அட்டையில் ஒரே சொல். தீர்வெங்கதும்.

மொரீஷியஸில் அது குடும்பப் பெயர். பிரெஞ்சு வாயால் படித்தால் அப்படித்தான் வரும். எழுதிவைத்துப் பல நாள் கழித்து, ஒரு காலையில் சமையல் செய்துகொண்டே வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். திருவேங்கடம்.

அப்போது திருப்பதிக்குக் குடிவந்து இரண்டு வருஷம். மாடியில் துணி உலர்த்தப் போனால் எதிரே மலை.

இரண்டாவது அட்டை இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஏன் எழுதினேன் என்று நினைவில்லை, எறியவும் மனமில்லை. இதே பெயர் கொண்ட மொரீஷியஸ் தாவரவியலாளர் ஒருவர், 1979ல், சாஸ்த்ர் என்பவரோடு சேர்ந்து ஒரு மரப் பேரினத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார். தமிழ்நாடியா.

பின்னால் இன்னொன்று. தெக்காணியா.

தாவரவியல் நூல்களில் அந்த மரங்களின் பெயருக்குப் பக்கத்தில் 'தீர்வெங்' என்று சுருக்கி அச்சிடுகிறார்கள். பெயர் வைத்தவர் பெயரைப் போடுவது அவர்கள் வழக்கம்.

நைனா சித்தூரில் வெல்ல மண்டியில் கணக்கு எழுதினார். பேரேட்டில் தெலுங்கில் எழுதுவார். கூட்டும்போது மட்டும் உதடு தமிழில் அசையும்.

வீட்டில் தமிழ். தெருவில் தெலுங்கு. பள்ளிக்கூடம் தெலுங்கு. கோயிலில் இரண்டும். சண்டை வந்தால் எந்த மொழியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

1911 வரை சித்தூர் வட ஆற்காட்டு ஜில்லாவுக்குத் தலைநகரம். அந்த வருஷம் தனி மாவட்டமானது. 1960ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சித்தூர் போகவில்லை. 2022ல் திருப்பதி தனி மாவட்டம்.

என் வேலை உத்தரவில் சித்தூர் மாவட்டம். பென்ஷன் தாளில் திருப்பதி மாவட்டம். ஒரே வீடு.

ஒரு நேர்காணலில் கேட்டார்கள். பிரான்ஸ் இருக்கும்போது மொரீஷியஸ் எதற்கு? பால்சாக், ஃப்ளோபேர் எல்லாம் இருக்கும்போது?

பதில் வரவில்லை. திரும்பும் பேருந்து பாகாலா தாண்டும்போது வந்தது. அதற்குள் வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

புத்தகம் கிடைக்காத காலம். திருப்பதியில் காலை முதல் பஸ், சென்னையில் இறங்கி காலேஜ் ரோடு அலியான்ஸ் பிரான்சேஸ். மதியம் வரை கையால் நகல். மாலை பஸ். இரவு வீட்டில் படிக்கும்போது பாதிச் சொல் என் கையெழுத்தே எனக்குப் புரியாது.

ஒரு நாவலின் நாற்பது பக்கத்தை அப்படி எழுதியே எடுத்தேன். ஆனந்தா தேவியின் 'திரௌபதியின் முக்காடு', 1993. கையால் எழுதினால் வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்று விரலுக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு எந்த நாவலையும் அவ்வளவு நன்றாகப் படித்ததாகச் சொல்ல மாட்டேன்.

முக்காடா, துகிலா, திரையா. தலைப்புக்கே மூன்று அட்டை.

பிரெஞ்சில் 'வுவால்' ஆண்பாலாக இருந்தால் முக்காடு. பெண்பாலாக இருந்தால் கப்பல் பாய்.

ஆனந்தா தேவி தெலுங்கு வம்சாவளி. 1957ல் மொரீஷியஸில் பிறந்தவர். லண்டனில் மானிடவியலில் முனைவர் பட்டம். எழுதுவது பிரெஞ்சில். முழுப் பெயரில் நிர்சிம்லு என்று ஒரு பகுதி உண்டு. நரசிம்மலு. எங்கள் தெருவில் மட்டும் மூன்று நரசிம்மலு இருந்தார்கள். ஒருவர் சைக்கிள் கடை.

அந்த நாவலில் நோயில் கிடக்கும் பிள்ளைக்காகத் தாயைத் தீ மிதிக்கச் சொல்கிறார்கள். அவளுக்கு நம்பிக்கை இல்லை. கணவனுக்கு இருக்கிறது.

ஒரு கருத்தரங்கில் இதைப் பேசியபோது, வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் இந்தத் தீ ஒரு குறியீடுதானே என்று கேட்டார். நல்ல மனிதர். எனக்குச் சட்டென்று கண்முன் வந்தது எங்கள் பக்கத்து தர்மராஜா கோயில். பாரதம் நடக்கும் நாட்கள். அர்ஜுனன் ஏறும் தபசு மரம். களிமண்ணால் தரையில் படுத்திருக்கும் துரியோதனன். நெருப்புக் குழிக்குப் பக்கத்தில் பால் ஊற்றிய சின்னப் பள்ளம், மிதித்தவர்கள் கால் வைக்க.

குறியீடுதான் என்றேன். நேரம் ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

இன்று வரை உறுத்துகிறது.

நதாஷா அப்பனாவின் முதல் நாவல் 2003ல் வந்தது. 'தங்கப்பொடியின் பாறைகள்' என்று சொல்லலாம். தங்கப்பொடி என்பது மொரீஷியஸின் வடக்கே உண்மையிலேயே உள்ள ஊர். பாறையைப் புரட்டினால் பொன் கிடைக்கும் என்று ஆசை காட்டி இந்தியக் கூலிகளை அழைத்துப்போன கதை. 1892ல் நடப்பது. அப்பனாவின் முன்னோர் 1872ல் போனவர்கள். அதை 2023ல் தனிப் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

முதல் நாவல் கைக்கு வந்தபோது நைனாவுக்குக் கண் மங்கியிருந்தது. மாலையில் அந்த நாவலைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். கரும்பு வெட்டும் இடம் வந்தது.

"தரையோட வெட்டுறானா, மேலே வெட்டுறானா?"

புத்தகத்தில் அது இல்லை.

"அடியிலதாம்மா இனிப்பு. மேலே வெட்டுனா மண்டியில வெல ஏறாது."

பிறகு கேட்டார். "கூலி எவ்ளோ?"

மாதம் 5 ரூபாய். ஐந்து வருஷ ஒப்பந்தம். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு அளந்து கொடுப்பார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பு.

கணக்கெழுதிய மனிதர். விரல் மடக்கினார். மாதத்தில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தால் என்ன மிஞ்சும் என்று கூட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது. விடையைச் சொல்லவில்லை.

அந்த இரட்டைப் பிடிப்பைப் பற்றி என் ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. ஒன்றரை வரி.

கரும்புச் சக்கைக்குப் பிரெஞ்சில் 'பகாஸ்'. வெல்லம் காய்ச்சும் அடுப்புக்கு எரிபொருள் அதுதான். இங்கேயும் அங்கேயும்.

மொரீஷியஸ் தீவுக்கு ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 4.5 லட்சம். 1834 தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பம் வரை. போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கினால் 16 படி. அந்தப் படிகள் உள்ள வளாகத்தை 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அப்ரவாசி கட்.

நான் மொரீஷியஸ் போனதே இல்லை. கூலிகள் போன மற்றத் தீவுகளான ரெயூனியனும் இல்லை. மார்த்தினிக்கும் இல்லை. இரண்டு முறை பணம் கேட்டு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. மூன்றாவது முறை அம்மா ஆஸ்பத்திரியில்.

வந்து இறங்கியவர்களின் பதிவேட்டுப் பக்கங்களை நகலாகத்தான் பார்த்தேன். மூலம் மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தில். எண். பெயர். தகப்பன் பெயர். வயது. உயரம். சாதி. ஜில்லா. கிராமம். உடம்பில் உள்ள அடையாளம். 1860களிலிருந்து புகைப்படமும்.

ஜில்லா கட்டத்தில் ஆற்காடு, ஆற்காடு, ஆற்காடு.

அடையாளக் கட்டத்தில் அம்மைத் தழும்பு, பச்சை குத்து, நெற்றியில் வெட்டு. பெயரை எழுத்தர் காதால் கேட்டு எழுதினார். தழும்பைக் கண்ணால் பார்த்து எழுதினார். தழும்பில் பிழை குறைவாக இருந்திருக்கும்.

சிதம்பரம் என்ற பெயர் குவாதலூப் தீவுக்குப் போய் சிதம்பரோம் ஆனது. ஆங்ரி சிதம்பரோம், 1863ல் பிறந்தவர். இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை கேட்டு 1904ல் வழக்காட ஆரம்பித்தார். கிடைத்தது 1923ல். 19 வருஷம்.

முத்துசாமி, முதுசாமி ஆனார். ராமசாமி, ரமாசமி.

முருங்கை, 'முரும்' ஆனது. ரெயூனியனிலும் மொரீஷியஸிலும் இதைக் கீரையாகச் சமைக்கிறார்கள். ஊறுகாய், 'ருகாய்' ஆனது என்கிறார்கள். மொரீஷியஸில் ருகாய் இப்போது ஊறுகாயே இல்லை, தக்காளி வதக்கல்.

குழம்பு, அட்லாண்டிக் தாண்டி 'கொலோம்போ' ஆனது. மார்த்தினிக்கில் பொடியாக விற்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு. வெளிநாட்டில் படித்த பழைய மாணவி ஒருத்தி ஒரு பொட்டலம் அனுப்பினாள். வறுத்தது போதவில்லை. ஆனாலும் அன்று முழுக்க வீடு குழம்பு வாசனைதான்.

மதுரை வீரன், மார்த்தினிக்கில் 'மால்தேவிதான்' ஆனார். மாரியம்மனுக்கும் அங்கே கோயில் உண்டு. நாகூர் மீரானையும் கூடவே கும்பிடுகிறார்கள். ஒரே பூசையில்.

மார்த்தினிக் எழுத்தாளர் ரஃபயேல் கோன்ஃபியான் இவர்களைப் பற்றி 2004ல் நாவல் எழுதினார். 'குள்ளநரியின் வயிறு.' பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தை விட்டுப் போனவர்கள். தலைப்பை நைனாவிடம் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. அவருடைய பாட்டி தாதுவருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாளாம். என்ன சொன்னாள் என்றேன். நரியைப் பத்திதான் என்றார்.

கூலி என்ற சொல்லோடு ஒரு பிரெஞ்சு விகுதியைச் சேர்த்து 'கூலித்யூத்' என்றார் மொரீஷியஸ் கவிஞர் கல் தொராபுல்லி. 1992. கவிஞர்கள் செசேரும் சாங்கோரும் கறுப்பு என்ற வசைச்சொல்லை எடுத்து நிமிர்த்தியதுபோல. வேருக்குப் பதில் பவளத்தை உவமையாக வைக்கிறார் அவர். பவளம் இருக்கும் இடத்திலேயே இருக்கும், ஆனால் நீர் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும்.

மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூலி கொடுக்கும் நாள் சனி. நைனா அன்று சாப்பிட ராத்திரி பத்தாகிவிடும். எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

புத்தகக் கடை அலமாரிகள் பற்றி. பாரிசில் ஒரு பெரிய பதிப்பகம் 2000ல் தனி வரிசை ஒன்றைத் தொடங்கியது. பெயர் 'கறுப்புக் கண்டங்கள்'. ஆனந்தா தேவியின் 'பக்லி' 2001ல் அதில். அப்பனாவின் முதல் நாவலும் அதில். இருவரும் தெலுங்குக் குடும்பத்துத் தீவுப் பெண்கள். 2006ல் ஆனந்தா தேவியின் 'ஈவ்' நாவல் அதே பதிப்பகத்தின் வெள்ளை அட்டை வரிசையில் வந்தது.

அதே எழுத்தாளர். அதே மொழி. அலமாரி வேறு.

இது தவறு என்று வகுப்பில் வருஷா வருஷம் சொன்னேன். 2007 மார்ச்சில் 44 எழுத்தாளர்கள் கையெழுத்திட்டு, ஃபிராங்கஃபோன் என்ற தனித் தொழுவம் வேண்டாம், பிரெஞ்சில் எழுதும் உலக இலக்கியம் என்று சொல்லுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். ஆனந்தா தேவியும் கையெழுத்திட்டார். எங்கள் பாடத்திட்டத்தில் தாளின் தலைப்பு மாறவில்லை. மாற்றக் கேட்டு நான் எழுதிய மூன்று கடிதத்தின் நகலும் இந்தப் பெட்டியில் இருக்கிறது.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. ஆங்கிலம், தமிழ், இந்தி என்று வரிசை. 1998ல் புது நோட்டில் இந்தியைத் தமிழுக்கு மேலே போட்டார்கள். தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

அந்தத் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல்.

மொன்றியாலில் 1983 முதல் 1996 வரை 'விசே வெர்சா' என்று ஒரு பத்திரிகை. இத்தாலியக் குடியேறிகள் தொடங்கியது. பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியன், மூன்றும் ஒரே இதழில், மொழிபெயர்ப்பு இல்லாமல். 'புலம்பெயர் எழுத்து' என்ற பிரெஞ்சுத் தொடர் பரவியது அந்த வட்டாரத்தில்தான். முதலில் சொன்னவர் ஹெய்ட்டியில் பிறந்த ரொபேர் பெருவே ஒரியோல்.

மொழிபெயர்ப்பு இல்லாமல். எங்கள் சித்தூர்ப் பேருந்து நிலையத்தின் சுவர் அப்படித்தான் இருந்தது. விளம்பரம் தெலுங்கில், சினிமா போஸ்டர் தமிழில், எச்சரிக்கை ஆங்கிலத்தில்.

அகோதா கிறிஸ்தோஃப். 1956ல் ஹங்கேரியிலிருந்து கைக்குழந்தையோடு எல்லை தாண்டியவர். சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிற்சாலை. இயந்திரத்தின் தாளத்துக்குக் கவிதை கட்டினார். ஐந்து வருஷம் கழித்தும் பிரெஞ்சு பேச முடிந்தது, படிக்க முடியவில்லை. தன்வரலாற்றுக்கு 'எழுத்தறியாதவள்' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சை எதிரி மொழி என்கிறார். காரணம் சொல்கிறார். தாய்மொழியை அது மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறது என்பது.

நான் தமிழ் எழுதக் கற்றது இருபத்தொரு வயதில். பிரெஞ்சுக்குப் பிறகு. இந்தக் குறிப்புகளில் ஒற்று விட்டுப்போயிருக்கும்.

கிம் துய். பத்து வயதில் வியட்நாமிலிருந்து படகில் கிளம்பியவர். கியூபெக் போய்ச் சேர்ந்தார். 2009ல் முதல் நாவல். 'ரு.' பிரெஞ்சில் சிற்றோடை. வியட்நாமியத்தில் தாலாட்டு.

வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, நம் மொழிகளில் இப்படி ஒரு சொல் சொல்லுங்கள் என்றேன். ஒரு பையன் உடனே, "நீவா" என்றான். சித்தூர் ஆற்றின் பெயர். தமிழில் 'நீ வா' என்று அவன் பாட்டி விளையாட்டாகக் கூப்பிடுவாளாம்.

தண்ணீர் ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை.

சங்கப் பாட்டில் வேங்கடம். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லை. அதற்கு அப்பால் மொழிபெயர் தேயம், மொழி மாறிவிடும் நாடு. பொருள் தேடப் போகிறவன் அதைத் தாண்டிப் போகிறான். மாமூலனார் இந்த மலையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மொழிபெயர். அப்போது நிலத்துக்கு அடைமொழி. இப்போது வினைச்சொல்.

அந்தப் பாட்டுகளில் போனவன் பேசுவது குறைவு. வீட்டில் இருப்பவள்தான் பேசுகிறாள்.

லெதீசியா கொலொம்பானி, 'பின்னல்', 2017. பிரான்சில் லட்சக்கணக்கில் விற்றது. உத்தரப் பிரதேசத்து ஸ்மிதா மகளோடு ஊரைவிட்டு ஓடி வந்து திருப்பதியில் முடி கொடுக்கிறாள். அந்த முடி சிசிலியில் ஒரு பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து மொன்றியாலில் புற்றுநோயோடு இருக்கும் ஒரு வழக்கறிஞரின் தலைக்கு.

மூன்று பெண்கள். ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள்.

புத்தகம் கைக்கு வந்த அன்றே கல்யாணகட்டா வரும் பக்கங்களை முதலில் படித்தேன். பிறகுதான் முதல் பக்கம். ஊர்க்காரியின் அவசரம்.

கல்யாணகட்டாவில் நான் கவனிப்பது: ஈரம். தரை எப்போதும் ஈரம். தலையை நனைக்கும் தண்ணீர். பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். மொட்டை அடித்த குழந்தை தன் தலையைத் தானே தொட்டுப் பார்க்கும் விதம். அழுகை அதற்கு அப்புறம்.

முடி கொடுத்தவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நீளம் பார்த்துத் தரம் பிரித்து தேவஸ்தானம் ஏலம் விடுகிறது.

அத்தை மொட்டை போடமாட்டாள், மூன்று கத்தரி மட்டும். தெலுங்கில் அதற்கு எண்ணிக்கைதான் பெயர், மூடு கத்தெர்லு. தமிழில் பூமுடி.

ஷோபாசக்தி பாரிசில் இருந்து தமிழில் எழுதுகிறார். அரி கோத்தியே, மடகாஸ்கரில் பிறந்த புதுச்சேரிக்காரர், ஆஸ்லோவில் இருந்து பிரெஞ்சில் எழுதுகிறார். அவருடைய 2018 நாவலின் தலைப்பு 'திண்ணை'. பிரெஞ்சு அட்டையில் அதே சொல், மொழிபெயர்க்காமல்.

என் தாளில் இரண்டாமவருக்கு இடம் உண்டு. முதலாமவருக்கு இல்லை. விதி அப்படி. அவருடைய கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வைத்து, விதிக்கு வெளியே, சனிக்கிழமைகளில் நடத்தினேன். ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் கடைசி வரை வந்தார்கள்.

இப்போது வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இலக்கியத்துக்கு வருவதில்லை. கனடா. பிரெஞ்சு தெரிந்தால் குடியேற்றப் புள்ளி கூடும். 2023லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றே நடத்துகிறார்கள். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். நான்கிலும் ஏழாம் நிலை வேண்டும்.

பொறியியல் படித்த பெண் ஒருத்தி. சந்திரகிரியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறாள். எட்டு மாதத்தில் ஏழாம் நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். நான் முப்பது வருஷம் படித்ததை அவள் போய் இருந்தே பார்க்கப்போகிறாள்.

கிம் துய்யின் புத்தகத்தைக் கொடுத்தேன். தேர்வுக்கு இது வருமா மேடம் என்றாள். வராது என்றேன். வைத்துக்கொண்டாள்.

பேசும் தேர்வுக்குப் பயிற்சி. பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டும். எங்கே பிறந்தீர்கள். அப்பா என்ன வேலை. ஏன் போகிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு அவள் மனப்பாடம் செய்த விடை நான்கு வரி. நல்ல பிரெஞ்சு. நடுவில் ஒரு முறை நிறுத்தி, "உண்மையைச் சொன்னா மார்க் குறையுமா மேடம்?" என்றாள்.

குறையாது என்றேன். பிறகு அவள் சொன்னதில் மூன்று இலக்கணப் பிழை. திருத்தவில்லை.

நேற்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம். பிறக்கும்போது சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி, எதைப் போடுவது என்று கொஞ்ச நேரம் பேசினோம்.

அதற்குக் கீழே, உடம்பில் தெரியும் அடையாளம்.

"புருவத்துக்கு மேலே இங்க ஒண்ணு இருக்கு மேடம். சின்ன வயசுல கரும்புத் தோட்டத்துல தோகை கிழிச்சது. சின்னதுதான். எழுதணுமா?"

"எழுதும்மா."